போர்டில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருக்கிறவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். உந்துவப் போயாவோடு மலை சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும் நல்லதண்ணி, மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அதற்கு முன்னமே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கடந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்துக்காக வந்தார்கள். "டீச்சர், நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் செய்யணும். யாருகிட்ட குடுக்கலாம்?" நான் பாடசாலையில் ஐசிடி படிப்பிப்பதால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே எனக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் கோல் வரும். மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: யார் செய்கிறார் என்பது இருக்கட்டும், செய்து முடித்த பிறகு அது யார் பெயரில் இருக்கும்? மூவருமே கொஞ்சம் முழித்தார்கள். "சல்லி குடுக்கிறது நாங்கதானே, எங்க பேர்லதான் இருக்கும்" என்றார் ஒருவர்.

அப்படி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் அப்படி இருப்பதும் இல்லை. இதை நான் எங்கள் குடும்பத்திலேயே பார்த்தேன்.

என் பெரிய மாமா நல்லதண்ணிப் பக்கம் ஆறு அறைகளோடு ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "விடுதிட பேரை மட்டும் போடாதே மகள்" என்றார்.) 2017இல் ஒரு தம்பி வந்து விடுதிக்கு வெப்சைட் செய்து கொடுத்தார். 45,000 ரூபாய். மோசமில்லாத வேலை. விடியற்காலை மூடுபனிக்குள் மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரிகிற படம், அறைகளின் படம், மலை ஏற எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற விபரம் எல்லாம் அழகாகப் போட்டிருந்தார். விடுதியின் பெயரிலேயே ஒரு டொட் கொம் முகவரி, அதே பெயரில் ஒரு ஈமெயில். வெள்ளைக்காரர்கள் நேரடியாக மெயில் எழுதி அறை கேட்கத் தொடங்கினார்கள். இடையில் யாருக்கும் கமிஷன் இல்லை. மாமாவுக்குப் பெரிய சந்தோஷம். போர்டில், வேனின் பின்கண்ணாடியில், பில் புத்தகத்தில், 2,000 விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அடித்தார்.

வருஷா வருஷம் அந்தத் தம்பி வருவார், "வருஷக் காசு" என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு போவார். எதற்கு என்று மாமா கேட்டதில்லை. பகல் சாப்பாடும் கொடுத்து அனுப்புவார். தம்பியும் நல்ல பிள்ளை. ஏமாற்றுக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பிறகு 2022 வந்தது. அந்த வருஷத்தை நான் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. இந்த டொமைன், ஹொஸ்டிங் கட்டணங்களில் அநேகமானவை வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு டொலரில்தான் போகும். தம்பிக்கு இங்கே வேலையும் இல்லாமல் போக, எத்தனையோ பிள்ளைகளைப் போல அவரும் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் "வருஷக் காசு" கேட்டு யாரும் வரவில்லை. மாமாவும் அதைக் கவனிக்கவில்லை.

செப்டெம்பரில் பெயரின் தவணை முடிந்தது. மெயில் வருவது நின்றது. மாமா என்ன நினைத்தார் தெரியுமா? "நாட்டு நிலைமை இப்படி ஈக்கிற நேரம் எந்த டூரிஸ்ட் வாரான்?" நியாயமான எண்ணம்தான். பெட்ரோலுக்கு கியூ நிற்கிற நாட்டுக்கு ஆட்கள் வராததில் என்ன ஆச்சரியம்? ஆகவே மெயில் பெட்டி செத்துப்போனதை யாருமே சந்தேகிக்கவில்லை. வந்திருக்கக்கூடிய கொஞ்சநஞ்ச ஆட்களும் எழுதிப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள்.

ஜனவரியில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் ஒருவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹாஜியார், உங்கட போர்டில ஈக்கிற அட்ரஸ அடிச்சா கசினோ வருதே. என்ன இது?"

மாமா நம்பவில்லை. என்னிடம் ஓடி வந்தார். அடித்துப் பார்த்தேன். சூதாட்டத் தளம்தான். விடுதியின் பெயர் மேலே முகவரிப் பட்டியில் அப்படியே இருக்கிறது, கீழே சீட்டுக்கட்டும் சக்கரமும் சுற்றுகிறது. ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிற மனிதரின் பெயரில் சூதாட்டம்! அன்று பின்னேரமே வேனின் பின்கண்ணாடியில் இருந்த எழுத்தை மாமா பிளேடால் சுரண்டினார். போர்டுக்கு மேல் ஒரு பழைய சாக்கைக் கட்டினார். இரண்டு வாரம் பள்ளியில் பின் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு யாரோடும் பேசாமல் வந்தார் என்று மாமி சொன்னார்.

"மாமா, அந்தத் தம்பி தந்த பில் ஏதாவது இருக்கா?"

"பில்லா? வீட்டுப் பிள்ளை மாதிரி வந்து போனவன்கிட்ட எப்படி மகள் பில் கேக்கிற?"

இந்தப் பதிலை எங்கள் ஊரில் எத்தனை பேரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

வட்ஸ்அப்பில் அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்தோம். அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "தாத்தா, சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். பெயரை அவர் தன்னுடைய பெயரில், தன்னுடைய பழைய ஒபிஸ் ஈமெயிலைக் கொடுத்து, தன்னுடைய கார்டில் பதிந்திருந்தார். அந்த ஒபிஸ் மூடி, ஈமெயிலும் போய்விட்டது. பெயரைப் பதிந்த கம்பனிக்கு நான் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: கணக்குக்காரரோடு மட்டும்தான் பேச முடியும், அதுவும் இப்போது அந்தப் பெயர் வேறொருவரிடம் போய்விட்டது.

இதில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். ஏனென்றால் "வெப்சைட்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் தனித்தனியான சில சாமான்கள்.

முதலாவது, பெயர். அதாவது டொமைன். இதை யாரும் ஒரேயடியாக வாங்க முடியாது. வருஷக் கணக்கில் பதிந்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். டொட் கொம் போன்ற பெயர்களின் விதிகளை ஐகான் என்ற அமைப்பு வைத்திருக்கிறது. அந்த விதிகளின்படி, தவணை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும் பதிவுக் கம்பனி நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பியிருப்பார்கள். யாருக்கு? பதிவில் யாருடைய ஈமெயில் இருக்கிறதோ அவருக்கு. மாமாவின் விஷயத்தில் அந்தக் கடிதங்கள் மூடிக்கிடந்த ஒரு ஒபிஸின் செத்துப்போன பெட்டிக்குப் போய் விழுந்தன. தவணை முடிந்தவுடனே பெயர் பறிபோவதும் இல்லை. கம்பனியைப் பொறுத்து 45 நாட்கள் வரைக்கும் சாதாரணமாகப் புதுப்பிக்க விடுவார்கள். அதற்குப் பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம். மேலதிகக் காசு கட்டினால் திரும்பக் கிடைக்கும். பிறகு 5 நாள். அதன்பின் சந்தையில் விட்ட மாடு மாதிரி, யார் பிடித்தாலும் அவருக்கு. பழைய பெயர்கள் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வியாபாரிகள் உலகத்தில் நிறைய. ஏற்கெனவே ஆட்கள் வந்து போன முகவரி என்றால் சூதாட்டக்காரர்களுக்கு அது ரொம்ப விருப்பம். செப்டெம்பரிலிருந்து டிசெம்பர் வரைக்கும் மாமாவுக்கு அவகாசம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, ஹொஸ்டிங். தளத்தின் படங்களும் எழுத்தும் வைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வாடகை இடம். இது போனால் பெரிய நட்டமில்லை, நகல் இருந்தால் வேறிடத்தில் வைக்கலாம். மூன்றாவது, தளம் என்கிற அந்த வேலை. நான்காவது ஈமெயில். பெயரோடு சேர்ந்து பிறந்தது என்பதால் பெயர் போனால் இதுவும் போகும். பழைய வாடிக்கையாளர்கள் அனுப்புகிற கடிதங்கள்கூடப் புதிதாகப் பெயரைப் பிடித்தவர் நினைத்தால் அவர் கைக்குப் போகும். பாஸ்போர்ட் படத்தை முன்கூட்டியே மெயிலில் அனுப்புகிற விருந்தினர்களை யோசித்துப் பாருங்கள்.

தவணை மறப்பது ஏழைகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் மட்டும் நடப்பதில்லை. 1999 டிசெம்பர் 24ஆம் திகதி மைக்ரோசொப்ட் கம்பனியின் ஹொட்மெயிலுக்குள் நிறையப் பேரால் நுழைய முடியவில்லை. காரணம், நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டொட் கொம் என்ற பெயருக்கான 35 டொலர் கட்டணத்தை அவர்கள் கட்ட மறந்திருந்தார்கள். அமெரிக்காவில் மைக்கல் சேனி என்ற ஒரு ப்ரோக்ராமர், தன் மெயிலைப் பார்க்க முடியாமல் தேடிப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கார்டிலேயே 35 டொலரைக் கட்டிவிட்டார். பில் கேட்ஸின் கம்பனிக்கு அப்படி ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். நல்லதண்ணி மாமாவுக்குக் கிடைத்தது கசினோக்காரன்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது, அது மலையகத்தோடு சம்பந்தப்பட்டது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சனிக்கிழமை காலையில் கூகுள் டொட் எல்கே என்று அடித்தவர்களுக்கு கூகுள் வரவில்லை. இன்னும் சில டொட் எல்கே முகவரிகளுக்கும் அதே கதி. எல்லாம் ஒரே பக்கத்துக்குப் போயின. அந்தப் பக்கத்தில் நாட்டின் பிரச்சினைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அதில் ஒன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் நிலைமை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக இங்கே போராட்டம் சூடாக இருந்த வாரம் அது. கூகுளின் கம்ப்யூட்டருக்குள் யாரும் நுழையவில்லை. பெயர் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்ற பதிவைத்தான் மாற்றினார்கள். சில மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது. செய்தவர்களின் நோக்கத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது, அது வேறு பதிவு. பாடம் படிப்பிக்கும்போது நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். பெயர்ப் பதிவு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கடை இருக்கிறது. உள்ளே எவ்வளவு பெரிய அலுமாரி இருந்தாலும் சரி.

மாமாவின் பெயரைத் திருப்பி எடுக்க வழியே இல்லையா என்று குடும்பத்தில் எல்லாரும் கேட்டார்கள். வழி இருக்கிறது. டொட் கொம் போன்ற பெயர்களில் வரும் பிணக்குகளுக்கு ஐகான் 1999இலேயே ஒரு நடைமுறை கொண்டுவந்தது. ஜெனீவாவில் இருக்கிற உலகப் புலமைச் சொத்து நிறுவனம் போன்ற இடங்களில் முறையிடலாம். நீதிமன்றம் போகத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒரு பெயருக்கு, ஒரே ஒரு நடுவரோடு, கட்டணம் 1,500 டொலர். இன்றைய கணக்கில் சுமார் நாலரை இலட்சம் ரூபாய். வக்கீலுக்கு வேறு. அதையும் கட்டி, அந்தப் பெயரில் நமக்கு வியாபாரக் குறி உரிமை இருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரித்து இல்லை, அவர் கெட்ட எண்ணத்தோடுதான் பதிந்தார், கெட்ட எண்ணத்தோடுதான் பாவிக்கிறார் என்று எல்லாவற்றையும் நாம் நிரூபிக்க வேண்டும். மாமா விடுதியின் பெயரை வியாபாரக் குறியாகப் பதிந்திருக்கவில்லை. ஆறு அறை விடுதிக்கு நாலரை இலட்சத்தில் வழக்கா? விட்டுவிட்டோம்.

எனக்கு இதில் ஆகக் கூடுதலாக உறுத்தியது ஒன்று உண்டு. மாமாவின் வரவேற்பு மேசைக்கு மேலே சுவரில் ஒரு சட்டகம் தொங்குகிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த பத்திரம். அதை எடுக்க அவர் எத்தனை நாள் அலைந்தார் என்று எனக்குத் தெரியும். கிராம சேவகர் கடிதம், காணி உறுதி நகல், அது இது என்று. அதில் அவருடைய முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். உலகம் பார்க்கிற பெயரோ பத்து நிமிஷத்தில் இன்னொருவர் பெயரில் பதியப்பட்டிருக்கிறது, அதற்கு ஒரு கடதாசியும் இல்லை.

நம் மலைநாட்டில் இதை விளக்க வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. என் வகுப்பில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் லயத்திலிருந்து வருகிறார்கள். பாட்டன் பிறந்த அறை, அப்பா பிறந்த அறை, இவர்கள் பிறந்த அறை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது இவர்கள், முன்னால் பூச்செடி வைப்பது இவர்கள், கூரைத் தகரத்தை மாற்றுவது இவர்கள். உறுதி மட்டும் இவர்கள் பெயரில் இல்லை. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று எல்லாரும் நினைவுகூர்ந்தோமே, அப்போதும் பேசப்பட்ட முதல் விஷயம் காணியும் வீட்டுறுதியும்தான். உறுதி இல்லாத வீட்டுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது யாருடைய வீடு என்று இந்த மண்ணில் இருக்கிற யாருக்கும் நான் படிப்பிக்கத் தேவையில்லை.

பெயரின் பெறுமதியும் நமக்குத் தெரியாததல்ல. நம் மலைகளில் பறித்த கொழுந்து எத்தனை வருஷம் மொத்தமாகக் கப்பலேறி, வேறு நாட்டில், வேறு ஆட்களின் பெயரில் பெட்டியில் அடைபட்டு விற்கப்பட்டது! மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் தன் மகன்மார் டில்ஹான், மலிக் இருவரின் பெயரையும் சேர்த்து டில்மா என்று வைத்து ஆஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கியபோது, தேயிலை புதிதல்ல. பெயரை இங்கேயே, தன் கையிலேயே வைத்துக்கொண்டதுதான் புதிது. (தோட்டத் தொழிலாளிக்கு அதில் என்ன கிடைத்தது என்று என் மாணவன் ஒருவன் உடனே கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இலேசான பதில் இல்லை.)

சரி, செய்ய வேண்டியது என்ன? கஷ்டமே இல்லை, ஒரு பின்னேரம் போதும்.

பெயரை நீங்களே பதியுங்கள். டிசைனர் பக்கத்தில் இருந்து காட்டித் தரட்டும், ஆனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் இலக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஈமெயில் நீங்கள் வாங்கப்போகிற பெயரோடு வருவதாக இருக்கக் கூடாது. பெயர் செத்தால் அதுவும் சாகும், பிறகு "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று கேட்டால் பதில் எங்கே வரும்? சாதாரண ஜிமெயில் ஒன்று போதும், ஆனால் மகனின் பழைய போனில் மட்டும் திறக்கிற ஜிமெயில் வேண்டாம். கார்டு இல்லாதவர்கள் டொட் எல்கே பெயரை எடுக்கலாம். 1990இல் தொடங்கிய பதிவகம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்தது. பேராசிரியர் கிஹான் டயஸ்தான் அதைத் தொடங்கி நடத்தியவர். கணக்கை நேரடியாகவே திறக்கலாம், பிரச்சினை வந்தால் உள்ளூரில் பேச ஓர் இடம் இருக்கிறது. தமிழிலேயே டொட் இலங்கை என்று முடிகிற பெயரும் 2010இலிருந்து இருக்கிறது. நம் ஊரில் ஒருவர்கூட அதை எடுத்து நான் பார்க்கவில்லை, அது எனக்கு ஒரு சின்ன மனக்குறை.

டிசைனருக்கு வேலை செய்ய அனுமதி வேண்டும். அதைத் தனியாகக் கொடுக்க முடியும். அநேகமான கம்பனிகளில் உரிமையாளர் ஒருவர், தொழினுட்ப உதவியாளர் ஒருவர் என்று பிரித்து வைக்க இடமிருக்கிறது. இதே முறை பேஸ்புக் பக்கத்துக்கும் கூகுள் மெப்பில் இருக்கும் உங்கள் கடைப் புள்ளிக்கும் பொருந்தும். பக்கத்தின் முழு அதிகாரம் உங்களிடம், போஸ்ட் போடுகிற அதிகாரம் தம்பியிடம். ஹட்டனில் இருக்கிற எத்தனையோ கடைகளின் பேஸ்புக் பக்கம், முன்பு அங்கே வேலை செய்து விட்டுப்போன பையனின் கையில் இன்னும் இருக்கிறது. சண்டை போட்டுப் போன பையனாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிந்துவிட்டது என்றால், உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். ஐகான் வைத்திருக்கிற தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியை அடித்தால், எந்தக் கம்பனியில் பதிவாகியிருக்கிறது, எந்தத் திகதியில் தவணை முடிகிறது என்று வரும். உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைத்து இருக்கும். டிசைனரிடம் மாற்றுக் குறியீடு என்ற இரகசிய எழுத்துகளை வாங்கி உங்கள் சொந்தக் கணக்குக்குக் கொண்டுவரலாம். டொட் கொம் என்றால், கணக்குக்காரர் கேட்டு 5 நாட்களுக்குள் கம்பனி அந்தக் குறியீட்டைக் கொடுத்தாக வேண்டும். புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகாவிட்டால் மட்டும் பொறுத்திருக்க வேண்டிவரும்.

இனிச் சட்டம். இதில் நிறையப் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு ஆக்கத்தின் உரிமை முதலில் அதைச் செய்தவருக்குத்தான். உங்களிடம் சம்பளத்துக்கு இருக்கிற ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தால் முதலாளிக்கு. வெளியில் இருந்து கூலிக்குச் செய்து கொடுக்கிற டிசைனர் உங்கள் ஊழியர் இல்லை. காசு கொடுத்ததால் மட்டும் உரிமை கை மாறாது. மாற்றித் தருவதாக எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். படம் எடுத்துத் தந்தவருக்கும் இதே கதைதான். கலியாண வீட்டுப் படப்பிடிப்புக்காரரிடம் விடுதிப் படங்களையும் எடுக்கச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இப்போது மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். என்னிடம் படித்த பிள்ளைகள் நாலைந்து பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். முதலாளி பாதிக் காசு தந்துவிட்டு, தளம் போட்டு முடிந்த பிறகு போனை எடுக்க மாட்டார். மூன்று மாதம் கழித்து "அந்த நிறத்தை மாத்து தம்பி" என்று மட்டும் கோல் வரும். ஒரு பிள்ளை வெளிப்படையாகவே சொன்னான்: "டீச்சர், பேரை எங்ககிட்ட வச்சிருந்தாத்தான் மிச்சக் காசு வருது." பெயர் அவனுக்கு அடகுப் பொருள். அவன் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பது புரிகிறது. அடகு வைக்க வேண்டுமானால் தளத்தை வைத்துக்கொள்ளட்டும், காசு முடியும்வரை திறக்காமல் இருக்கட்டும். பெயர் கடைக்காரரின் முகம். முகத்தை அடகு எடுக்கக் கூடாது. அதேபோல, அவன் பத்துத் தளங்களுக்குப் பாவிக்கிற அவனுடைய சொந்தக் கருவிகளையும் நிரல்களையும் "எல்லாம் எனக்குத்தான்" என்று கடைக்காரர் கேட்பதும் நியாயமில்லை. தச்சனிடம் அலுமாரி வாங்கினால் உளியும் சேர்ந்து வராது.

நம்மவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களோ என்று. மாமாவும் அதைத்தான் சொன்னார். அவரிடம் நான் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனத்தைத்தான் ஞாபகப்படுத்தினேன். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்றால் அதுதான், பேசுகிற விஷயமோ கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது. சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம், சாட்சி வையுங்கள் என்று வருகிறது. கையோடு கை மாறுகிற வியாபாரத்துக்கு மட்டும்தான் எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒன்று எப்படிக் கையோடு கை மாறுகிற வியாபாரமாகும்? ஈமான் கொண்டவர்களைப் பார்த்தே எழுதுங்கள் என்று சொல்லப்பட்டிருக்கும்போது, எழுதக் கேட்பது எப்படி அவமரியாதையாகும்? மாமா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பள்ளிக்குப் போய் முன் ஸஃப்பில் நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

விடுதிக்கு இப்போது புதிய பெயர். டொட் எல்கே. மாமாவின் அடையாள அட்டையில் இருக்கிற பெயரிலேயே பதிந்தோம், ஈமெயில் அவருடையது, இரண்டாவது தொடர்பு மூத்த மகள். தவணைத் திகதியை நோன்புக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பழைய முகவரி இன்னும் கசினோவாகத்தான் இருக்கிறது. பழைய விசிட்டிங் கார்டு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன மூன்று பேரில் ஒருவர் டிக்கோயாவில் வீட்டிலிருந்து கேக் செய்கிற சகோதரி. போன வாரம் அவருக்கும் டிசைனர் தம்பிக்கும் இடையில் நானே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பெயரும் அதன் கணக்கும் சகோதரிக்கு. படங்களும் எழுத்தும் சகோதரிக்கு. தளத்தைச் செய்து முடித்து முழுக் காசும் கொடுத்தவுடன் அதன் உரிமையும் சகோதரிக்கு. தம்பியின் சொந்தக் கருவிகள் தம்பிக்கு, அவற்றை இந்தத் தளத்தில் பாவிக்க என்றைக்கும் அனுமதி. முழு நகல் ஒன்று பென் ட்ரைவில் கையளிக்க வேண்டும். தம்பி வாசித்துவிட்டு, பேனையை வாங்கி, அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தான்: மிச்சம் 15,000 ரூபாய், கையளித்து ஏழு நாட்களுக்குள். சகோதரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணனும் அவருடைய மனைவியும் நானும் சாட்சி. பிறகு கேக் வெட்டினார்கள். பட்டர் கேக், நல்ல ருசி.